சவரிமுத்துவின் பிரெஞ்சு ரத்தம்

அன்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் இருந்தது நான், என் மருமகள் ரீத்தா, அவள் மடியில் என் முதல் பேரன், பாண்டிச்சேரிக்குப் போய் வம்சாவளி தேடித் திரும்பிய என் அண்ணன்.

"நம்ம கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுக்காரர்லா. பிள்ளைக்கு லஃபோன்னு வைம்மா" என்றபடி, அங்கே வாங்கிய பழைய தொப்பியை அண்ணன் மாட்டிக்கொண்டான். ரீத்தா அந்தப் பெயரில் மயங்கிவிடுவாளோ என்று அவள் முகத்தையே பார்த்தேன். எங்கள் வழக்கப்படி மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான். அதாவது என் பெயர்.

தொப்பியின் அந்துருண்டை வாசனை என்னை நாங்கள் வளர்ந்த போர்ட் கிள்ளான் பலகை வீட்டுக்கு இழுத்துப் போனது. தாத்தாவின் தொப்பி அங்கே இதே வாசனையோடு ஆணியில் தொங்கும். "பாண்டிச்சேரியில பிரெஞ்சுச் சட்டத்தை ஏத்துக்கிறேன்னு கையெழுத்துப் போட்டவனுக்கெல்லாம் பிரெஞ்சுப் பேர் குடுத்தாங்க. எங்க தாத்தாவும் போட்டாரு. மூக்கு மட்டும் மாறல" என்று அப்பா சிரிப்பார்.

அண்ணனுக்கு எங்கள் தாத்தா பெயர், சவரிமுத்து. மாமனார் பெயரை அம்மா வாயால் சொல்லமாட்டார். அண்ணனிடம் பிரம்பை ஓங்கிக்கொண்டே, "ஐயா சாப்பிட வாறீங்களா, தோலை உரிக்கவா?" என்பார். அன்று மண்டைக்கு ஏறிய அந்த மரியாதைதான், இறங்க வழியில்லாமல் இப்போது பிரெஞ்சு ரத்தமாகிவிட்டது.

பேரன் வீறிட்டான். ரீத்தா அவனைத் தோளில் போட்டுத் தட்டியபடி அவன் காதில் சொன்னாள்.

"அழாதீங்க மாமா. பெரிய மாமா இப்ப கிளம்பிருவாரு."