அக்கா படியிறங்கிய விதம்

அக்காவின் உடல் மலர்ச்சாலையில் வைக்கப்பட்டிருந்தபோது, உறவில் மூத்த ஒரு பெண்மணி என் கையைப் பற்றிக்கொண்டு உண்மையான துயரத்தோடு சொன்னார்: "பாவம் மனுசி. கால் மட்டும் சரியா இருந்திருந்தா ஒரு குடும்பம் எண்டு இருந்திருப்பா." பக்கத்தில் நின்ற இருவர் தலையசைத்தனர். செத்த வீட்டுக்கு வந்தவர்களோடு வாதாடுவது முறையல்ல என்று வளர்க்கப்பட்டவன் நான். ஆனால் அக்காவின் கால்களில் எந்தக் குறையும் இருந்ததில்லை. போன வருடம் வரை வெள்ளவத்தைச் சந்தைக்கு நடந்து போய், இரண்டு கைகளிலும் பைகளோடு நடந்தே திரும்பியவர் அவர்.

அந்த வாரமே பத்திரிகையில் ஒரு படம் வந்தது. கொழும்பு கோட்டை ரெயில் நிலையத்தை விஸ்தரிக்கப் போகிறார்களாம். ரெயிலும் பஸ்ஸும் ஒரே கூரையின் கீழ் சந்திக்குமாம். கண்ணாடிச் சுவர்கள், மின்தூக்கிகள், நகரும் படிகள். வரைந்த படத்தில் ஒரு பெண் நகரும் படியில் அசையாமல் நிற்கிறாள். படி அவளைத் தூக்கிச் செல்கிறது. அவள் எப்படி நடக்கிறாள் என்று எந்த மேடையில் நின்று எவர் பார்த்தாலும் தெரியப்போவதில்லை. நிலையத்தின் பழமையைக் காப்பாற்றுங்கள் என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இனி எழுதத் தொடங்குவார்கள். அவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். அங்குள்ள பழைய மேம்பாலங்களில் எதை இடித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

அந்த மேம்பாலத்தில் அக்காவோடு ஏறியபோது எனக்கு எட்டு வயது. அன்றும் அந்த நிலையத்தை விஸ்தரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அக்காவுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்திருந்தது. அதே மாதத்தில் பெரியப்பா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை பொறியியலாளர், கலியாணம் முடிந்த கையோடு கப்பலேறுகிறவர். அதாவது, சம்பந்தம் சரிவந்தால் பேராதனை இல்லை.

"படிச்சு என்ன, கவர்னராகப் போறாளோ?" என்றார் பெரியப்பா. அப்பாவைப் படிப்பித்து ஆளாக்கியவர் அவர். ஆகவே எங்கள் வீட்டில் அவர் கொண்டுவரும் விஷயங்களைப் பற்றி எவரும் முடிவெடுப்பதில்லை. ஒழுங்குகள் மட்டுமே செய்வார்கள்.

அக்கா குசினிக்குப் போய், "அம்மா, நான் படிக்கப் போறன்," என்றார். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

பெண்ணுக்குச் சொல்லாமல் பெண்ணைப் பார்ப்பது அக்காலத்தில் கொழும்பில் இருந்த எங்களவர்கள் கண்டுபிடித்த ஒரு நாகரிகம். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பெண்ணின் மனம் நோகும். கோயிலிலோ கடற்கரையிலோ தற்செயலாகக் கண்டதுபோலப் பார்த்துவிட்டுப் போனால் ஒருவருக்கும் நோகாது. அவளுக்குத்தான் தெரியாதே. இவ்வளவு மென்மையான மனிதர்கள் நாங்கள்.

மாப்பிள்ளையின் தாய்க்குக் கோயிலில் பார்ப்பது போதவில்லை. அக்கா சிறு வயதில், ஊரில், வருடப்பிறப்பு ஊஞ்சலிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டிருந்தார். சில வாரங்களில் கட்டை அவிழ்த்தார்கள், அவர் எழுந்து ஓடினார். கால் ஆறியது, கதை ஆறவில்லை. வருடங்கள் போகப் போக அது ஒரு கால் குட்டை என்ற அளவுக்கு வளர்ந்து அந்தத் தாயின் காதுக்குப் போயிருந்தது. தட்டையான நிலத்தில் எவளும் சமாளிப்பாள், சேலை வேறு மறைத்துவிடும், படி ஏறி இறங்கினால்தான் தெரியும் என்று அந்த அம்மாள் சொன்னாராம். அதுவும் கைப்பிடியைப் பிடிக்காமல். படிகளுக்காகக் கோட்டை நிலையத்து மேம்பாலத்தைத் தேர்ந்தது பெரியப்பாவின் யோசனை.

இவை பின்னாளில் நான் துண்டு துண்டாக அறிந்தவை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், யாழ்ப்பாணம் போகிற ஒருவர் கையில் ஒரு பிஸ்கட் ரின்னைக் கொடுத்துவிட வேண்டும் என்பதே. அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. தெரிந்த முகம் ஒன்றைத் தேடிப் பிடித்து ஊருக்குப் பொதி கொடுத்துவிடாமல் எங்கள் சனம் ஒரு யாழ்ப்பாண ரெயிலையும் போகவிட்டதில்லை. ரின் பெரிய தகரப் பெட்டி. இரண்டு கைகளாலும் அணைத்துத்தான் பிடிக்க வேண்டும். அதை வாங்கியவரும் பெரியப்பாதான்.

"பிள்ளை, நீ கொண்டுவா. இவன் போட்டுடைப்பான்," என்று என்னைக் காட்டிச் சொன்னார்.

வெள்ளவத்தையில் கரையோர ரெயில் ஏறிப் போனோம். நிலையம் ஒரே அமர்க்களமாக இருந்தது. புதிய மேடைக்காக நிலத்தைத் தோண்டிப்போட்டு, தகரத்தால் அடைத்து, மணலைக் குவித்து வைத்திருந்தார்கள். பள்ளங்களுக்கு மேல் பலகைகள். இன்று இந்த மேடைக்கு வந்த ரெயில் நாளை வேறு மேடைக்கு வரும். பாயும் தலையணையுமாகச் சனம் மேம்பாலத்தில் இங்கும் அங்கும் ஓடி, மூன்று பாஷைகளிலும் ஏசிக்கொண்டிருந்தது. அந்தக் குழப்பத்தில் ஒரு பெண்ணைப் படியேற்றி இறக்குவது எவ்வளவு இயல்பாகத் தோன்றும் என்பதை என் பெரியப்பா அறிந்திருந்தார். அவர் கெட்டிக்காரர்.

"ஆள் அந்தக் கடைசி மேடையில நிக்கிறாராம். கறுவல், கண்ணாடி போட்டவர். போய்க் குடுத்திட்டு வாங்கோ," என்றார். அவர் வரவில்லை. அவருக்கு முழங்கால் வருத்தம். அவருடைய முழங்காலைப் பரிசோதிக்க ஒருவரும் ரெயில் நிலையத்துக்கு வரவில்லை.

ஏறினோம். கடந்தோம். இறங்கினோம். கண்ணாடி போட்ட கறுத்த மனிதர்கள் அந்த மேடையில் நிறையவே நின்றார்கள்; எங்களுக்காக ஒருவரும் நிற்கவில்லை. திரும்பி வந்தபோது பெரியப்பா நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"அட, வடிவாப் பாக்கேல்லையே? அங்காலதானாம் நிக்கிறார். இன்னொருக்காப் போட்டு வாங்கோ."

இன்னொருமுறை போனோம். எனக்கு ஆனந்தம். மேம்பாலத்தின் உச்சியில் நின்றால் தண்டவாளங்கள் எல்லாம் காலடியில் ஓடும். கீழே எஞ்சின் போனால் புகை எங்களைச் சுற்றி எழும். அக்காவின் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. சேலை முந்தானையைச் சரிசெய்யக்கூட அவருக்குக் கை இருக்கவில்லை. இம்முறையும் ஆளைக் காணாமல் திரும்பும்போது, பாலத்தின் நடுவில் நின்று ரின்னைக் கம்பியில் சாய்த்து இளைப்பாறினார். கீழே பார்த்தார்.

எங்கள் மேடையில், படிகளின் அடியில், பெரியப்பா நின்றார். தண்டவாளத்துக்கு அப்பால், நடு மேடையில், ஒரு மர வாங்கில் ஒரு தடித்த அம்மாளும், கழுத்துப்பட்டி கட்டிய ஒல்லியான இளைஞன் ஒருவனும், இன்னொரு ஆளும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா அவர்களை நோக்கிக் குடையைச் சற்றே உயர்த்தினார்.

"தம்பி, பெரியப்பா ஆருக்குக் குடை காட்டுறார்?"

"அந்தத் தடிச்ச மாமிக்கு. அவ விரலைச் சுத்திச் சுத்திக் காட்டுறா."

"எப்பிடி?"

நான் என் விரலைச் சுற்றிக் காட்டினேன். பெரியப்பா கீழே தலையாட்டினார்.

"அதென்னக்கா, விளையாட்டோ?"

"ஓம். இன்னொருக்கா ஏறி இறங்கட்டாம்."

"அப்ப ஏறுவம்!" என்று நான் குதித்தேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்த மூவரையும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கரியேறிய காற்றில் அவர் கண்கள் கலங்கியிருந்தன என்று நான் நினைத்தேன். பிறகு ரின்னை என் கையில் திணித்தார். "இதை நீ பிடி," என்றார்.

கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு அவர் இறங்கத் தொடங்கினார். இடது காலை ஒரு படியில் மெல்ல வைத்து, முகத்தைச் சுளித்து, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, மற்றக் காலைக் கொண்டுவந்து சேர்த்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும் இடது காலை வைத்து. பின்னால் வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஒரு சிங்களப் பெண் "அனே நங்கி," ஐயோ தங்கச்சி என்று இரங்கி அவர் முழங்கையைத் தாங்கினாள். ரின் என் நாடி வரை உயர்ந்திருந்ததால் எனக்குப் படிகள் தெரியவில்லை.

"அக்கா, சுளுக்கிட்டுதோ?"

"பேசாம வா."

கீழே பெரியப்பாவின் முகம் சாம்பலாகிவிட்டிருந்தது. "என்ன பிள்ளை இது? நேரா நட. சனம் பாக்குது," என்று பல்லுக்குள் சொன்னார்.

அக்கா பாடசாலை மேடைகளில் பேசிப் பரிசு வாங்கியவர். அந்தக் குரலில் சொன்னார்: "நேராத்தான் நடக்கிறன் பெரியப்பா. ஊஞ்சலால விழுந்த நாளில இருந்து இப்பிடித்தானே. நீங்கள் அவையளுக்குச் சொல்லேல்லையோ?"

நடு மேடையில் அந்த அம்மாள் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். இளைஞன் மேடையின் விளிம்பு வரை வந்து ஏதோ கேட்க விரும்புகிறவன்போல நின்றான். தாய் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தார்; போய்விட்டான். அவன் நல்லவனாக இருந்திருக்கலாம். ஆனால் அவனும் அந்த வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவன்தான். அவனுக்காகச் சொல்ல இத்தனை வருடங்களில் வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

வீடு வரை அக்கா நொண்டினார். ரெயில் பெட்டிக்குள், நிலையத்தை விட்டு இறங்கும்போது, அயலவர்கள் பார்த்து நின்ற எங்கள் ஒழுங்கையில், வாசல் படலையில். பெரியப்பா எங்களைத் தெரியாதவர்போல முன்னால் நடந்தார். நான் அழுதுகொண்டே பின்னால் வந்தேன். அக்காவுக்கு என் தோளைக் கொடுக்க விரும்பினேன், ரின் விடவில்லை.

பெரியப்பா சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "உன்ர மோள் என்ர மானத்தை வாங்கிப்போட்டாள்," என்று அப்பாவிடம் கத்தினார். "நடிக்கிறாள்! காலில ஒண்டும் இல்லை. இப்ப இந்த விறாந்தையில நடக்கச் சொல்லு பாப்பம். நடந்தாளெண்டா நான் இண்டைக்கே போய் அவையளிட்டச் சொல்லி, நாளைக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு வாறன்."

அப்பா என் அக்காவைப் பார்த்தார். தன் அண்ணனைப் பார்த்தார். தன் மகளிடம் எதுவும் சொல்லாமல் அனுப்பிவைத்த அந்த மனிதர், வழக்கம்போல மெல்லிய குரலில், "எழும்பு பிள்ளை. ஒருக்கா நடந்து காட்டு," என்றார்.

அக்கா கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். வேறொருவர் வீட்டு விறாந்தையில் இருப்பவர்போல இருந்தார்.

அப்போது அம்மா குசினியிலிருந்து வந்தார். ஒரு கையில் சூடாக்கிய உப்பு முடிச்சு. மறு கையில் பழைய வேட்டியில் கிழித்த துணி.

"அவளால நடக்கேலாது. கால் வீங்கிக் கிடக்கு," என்றார்.

பெரியப்பாவின் முகத்துக்கு நேரே அம்மா பேசி நான் கேட்டது அன்றுதான். அம்மா நிலத்தில் அமர்ந்து அக்காவின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்தார். ஒத்தடம் கொடுத்தார். பிறகு கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, துணியைச் சுற்றிச் சுற்றி, ஒரு தாதியைப்போல இறுக்கமாகக் கட்டினார். வலது காலில்.

"அம்மா, அந்தக் கால் இல்லை," என்றேன் நான். "அக்காவுக்கு மற்ற—"

"நீ போய்க் கால் முகம் கழுவு."

"இல்லையம்மா, இடது—"

"போ எண்டன்!"

பெரியப்பா அதைக் கேட்டாரோ தெரியாது. அவர் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தேத்தண்ணி குடிக்காமலே போனார். அப்பா நிச்சயமாகக் கேட்டார். அக்காவின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பத்திரிகையை விரித்துக்கொண்டார். அவருடைய மௌனம் அக்காவுக்கு உதவிய ஒரே தடவை அது. அதற்காக நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அக்கா அந்த வருடமே பேராதனைக்குப் போனார், படித்தார், தலைமுறைகளுக்கு இரசாயனம் கற்பித்தார். பெரியப்பா தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள, அந்தப் பிள்ளைக்குக் கால் உண்மையில் ஊனம், தன் தம்பி தனக்கும் ஒளித்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னார். சம்பந்தங்கள் வரவில்லை. அக்கா ஒருபோதும் அதை மறுக்கவில்லை. கதை அவரைவிட அதிக காலம் உயிரோடிருக்கிறது.

அன்று நான் பின்வளவுக் குழாயடியில் நின்று கால்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். யன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். அக்கா எழுந்து அறைக்குப் போனார். இப்போது வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். அம்மா கட்டிய கட்டு நல்ல காலையும் கெடுத்துவிட்டது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுவதும் நான் அம்மாவோடு கதைக்கவில்லை. சோறு தந்தபோது தட்டைத் தள்ளிவிட்டேன். எந்தக் கால் என்று அவர் ஒரு வார்த்தை அக்காவைக் கேட்டிருக்கலாம் அல்லவா?