யாரும் தூக்க வேண்டாம்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் வளைவில்தான் நின்றேன். கணியம்பாடிக்கு அந்தப் பக்கம், தண்ணீர் வற்றிப்போன ஏரிக்குள்ளே, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு. அடுத்தவர்களுடைய, ரிமோட்டில் ஓடும் பொம்மை டிரக்குகள் கவிழ்ந்தால் ஓடிப்போய் நிமிர்த்தி வைக்கிற வேலை. வண்டி கிளம்பும்போது கிளப்பும் புழுதி முழுவதும் நிமிர்த்தியவர் வாயில்.

அங்கே அப்படி ஒரு வழக்கம். ஓட்டுகிறவர்கள் ஏரிக்கரை மேல் வரிசையாக நிற்பார்கள். கீழே ஐந்து சுற்று. நடுவில் எவருடைய வண்டியை இன்னொருவர் கை தொட்டுத் தூக்கியதோ, அவர் அந்த ஓட்டம் முடிந்ததும் கரையைவிட்டு இறங்கி, அன்று முழுவதும் வளைவில் நின்று மற்றவர்களுக்குத் தூக்க வேண்டும். முதல் ஓட்டத்துக்கு மட்டும், அன்று காலை கடைசியாக வந்து சேர்ந்தவர் நிற்பார். நான் முதல் ஓட்டத்திலேயே கவிழ்வேன். மீதி நாள் வளைவு.

கரைமேல் பத்து ஆண்கள். நாற்பத்தாறு வயதில் நான் ஒருத்தி. ஓட்டத்தை நடத்துகிற பைக் மெக்கானிக்குக்கு முப்பதுகூட இருக்காது.

"இன்னாக்கா, வூட்ல சோறு ஆக்கிட்டியா?" என்பான், வந்ததும் வராததுமாக.

"ஆக்கிட்டேன் தம்பி. உனக்கு யாரு ஆக்குனது? நீயா?"

எல்லாரும் சிரிப்பார்கள். அரை மணி நேரத்தில் என் வண்டி கவிழும். சிரிப்பு இடம் மாறும்.

எனக்கு முதலாவதாக வர வேண்டாம். ஐந்து சுற்று, ஒருவர் விரலும் படாமல். பிறகு நாள் முழுக்கக் கரைமேல் என் இடம். அது மட்டும் வேண்டும்.

முதல் இரண்டு வாரமும் தப்பு ஸ்பிரிங்கில். கரடுமுரடான தரைக்கு முரட்டு வண்டி வேண்டும் என்று நினைத்து, இருப்பதிலேயே கடினமான ஸ்பிரிங்கைப் போட்டேன். உதிரி மண்ணில் கடினம் ஒன்றுக்கும் உதவாது. ஒவ்வொரு மண்கட்டியும் வண்டியை உதைத்தது. வண்டி துள்ளிக் குப்புற விழுந்தது.

மூன்றாவது வாரத் தப்பு வேறு எந்த ஊர்க்காரியும் செய்யமாட்டாள். ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக சோல் ஒட்டுகிறேன். சொல்யூஷன் தடவு, காயவிடு, சூடு காட்டு, அழுத்து. ஒட்டுவதைப் பற்றி எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்? அதே சொல்யூஷனால், அதே முறையில், டயரை ரிம்மில் ஒட்டினேன். வீட்டுத் தரையில் இழுத்துப் பார்த்தால் இரும்பு. ஏரியில் வெயில் கொதித்தது, டயர் சுழன்று சுழன்று தானும் கொதித்தது. சூட்டில் இளகிப் பிடிக்கிற சொல்யூஷன் சூட்டில் இளகி விட்டுவிட்டது. இரண்டாவது சுற்றில் டயர் தனியாகக் கழன்று வண்டி கவிழ்ந்தது; டயரோ, ரொம்ப நாளாகக் காத்திருந்த மாதிரி, சீமைக்கருவேல முள்ளுக்குள் உருண்டு போனது.

"அக்கா, சோல் ஒட்டிட்டியா? இது டயர்க்கா!"

"என் கை பட்ட சோல் எதுவும் கழண்டதில்ல, தெரிஞ்சிக்கோ."

"அதான் கழண்டுகிச்சே, எல்லாருந்தான் பாத்தோம்."

முள்ளில் கையை விட்டு டயரை எடுத்தேன். ரத்தம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வாரம் முழுவதும் வண்டி சாப்பாட்டு மேசைமேல் பிரிந்து கிடந்தது.

"பேரன் எடுக்கிற வயசுல பொம்மை வண்டி," என்றார் வீட்டுக்காரர். "தெருவுல ஒரே பேஜாரா கீது."

"நீ டீக்கடையில கேரம் ஆடுறியே, அது எந்த வயசுல ஆடுறது?"

தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் போய்விட்டார்.

கடின ஸ்பிரிங்கைக் கழற்றி மெல்லியதை மாட்டினேன். ஷாக் அப்சார்பரிலிருந்த கெட்டி எண்ணெயை வடித்து இளசான எண்ணெய் ஊற்றினேன். எவ்வளவு இளசு? அது என் கட்டைவிரலுக்குத் தெரியும். தோலை அழுத்தி, எவ்வளவு மெதுவாகத் திரும்பி வருகிறது என்று பார்த்தே அதன் குணம் சொல்கிறவள் நான். வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டேன். அமுங்கி, ஒருமுறை எழுந்து, அடங்கியது. இரண்டுமுறை எழுந்தால் எண்ணெய் ரொம்ப இளசு. அமுங்கவே மறுத்தால் ரொம்பக் கெட்டி. ஆறாவது தடவையில் அமைந்தது. சக்கரங்கள் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தேடும்படி தொங்கவிட்டேன். வண்டியின் வயிற்றை ஒரு விரல் உயர்த்தினேன். பழைய சொல்யூஷனைத் தோல் சீவும் கத்தியாலேயே சுரண்டி எடுத்து, இந்தமுறை மரியாதையாக சூப்பர் க்ளூ போட்டேன். தோலில் ஓட்டை போடும் பஞ்ச் கருவியை வைத்து டயருக்கு இரண்டு ஓட்டை. உள்ளே காற்று அடைபட்டிருந்தால் டயர் பந்து மாதிரி விறைக்கும். வெளியேறினால்தான் மண்மேல் படியும்.

நான்காவது ஞாயிறு. அன்று கடைசியாக வந்தவர் எங்களில் ஒருவரான தபால்காரர், அவர் வளைவில் நின்றார். வண்டிகள் கிளம்பின.

என் வண்டி மண்ணோடு சண்டை போடவில்லை. மேட்டில் ஏறியபோது நெளிந்தது, பள்ளத்தில் தாழ்ந்தது, வயிறு மட்டும் தட்டாமல் மிதந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது சுற்றில் மெக்கானிக்கின் வண்டி பல்டி அடித்து, தபால்காரர் தூக்கிவிட்டார். நான்கு. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்க ஒரு கை கிடையாது.

ஐந்தில், வளைவைத் தாண்டி, டிராக்டர் தடத்தில் ஒரு சக்கரம் இறங்கியது. வண்டி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. தபால்காரர் ஓடினார்.

"கை வைக்காதீங்க!"

மெஷின் ஹாலின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. ஏரியே திரும்பிப் பார்த்தது. தபால்காரர் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"தூக்கட்டும்க்கா, எல்லாரும் முடிச்சிட்டாங்க," என்றான் மெக்கானிக்.

"முடிக்கட்டும்."

முன்சக்கரங்களை முழுதாகத் தரைப்பக்கம் திருப்பி, ரிமோட்டின் விசையை ஒரு தட்டுத் தட்டினேன். புழுதி. இன்னொரு தட்டு. வண்டி படுத்தபடியே அரைவட்டம் சுற்றியது. யாரோ சிரித்தார்கள். மூன்றாவது தட்டில் டயரின் பல் ஒரு மண்கட்டியைக் கவ்வியது. வண்டி உருண்டு, எழுந்து, நான்கு காலில் நின்றது.

மீதிச் சுற்றைத் தனியாக ஓட்டினேன். அவசரப்படவில்லை. கடைசியாகத்தான் வந்தேன்.

மெக்கானிக் அடுத்த ஓட்டத்துக்கு பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நீ கீழ எறங்கு."

"இன்னாக்கா?"

"மூணாவது சுத்துல உன் வண்டிய தூக்குனாங்க."

"நான்தான் ஓட்டமே நடத்துறேன்க்கா!"

"நடத்துறவனுக்குத் தனி வழக்கமா? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

அவன் மற்றவர்களைப் பார்த்தான். ஆளாளுக்குத் தங்கள் பேட்டரியை மாற்றத் தொடங்கினார்கள். தபால்காரர் மட்டும் கரைமேல் ஏறி வந்து, என் பக்கத்தில் நின்று, தன் ரிமோட்டைத் துடைத்தார்.

மெக்கானிக் மூக்கைச் சுற்றிக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனான். வளைவில் இடுப்பில் கை வைத்து, எப்போது கவிழும் என்று, பத்து வண்டியில் என் வண்டியை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றான்.

பார்க்கட்டும்.