இரண்டு பேருக்கும் சேர்த்து எடுத்த ரத்தம்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூத்துக்குடி திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டில் தொடங்கிய சங்கதி இது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் செய்தி பழசாகிவிடும். எனக்கு எல்லாம் வானொலிதான்.

அதில் ஒரு அறிவிப்பாளர் இருந்தார். கடல் எச்சரிக்கையை இரண்டு தரம் வாசிப்பார், இரண்டாம் தரம் இன்னும் நிறுத்தி. எஞ்சின் சத்தத்துக்கு நடுவே வள்ளத்தில் இருக்கிறவனுக்கும் காதில் விழட்டும் என்றுதான் அப்படி வாசிக்கிறார் என்று நாங்களாக நினைத்துக்கொள்வோம். சங்கு குளிக்கிறவர்களைப் பேட்டி எடுக்க ஒரு முறை எங்கள் கரைக்கே வந்தார். அப்போது சங்குக்குப் போய்க்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், கடலுக்கு அடியில் திருக்கை மீனோடு சண்டை போட்டதாக ஒரு கதை அளந்தார். பொய் என்று அந்த மனுஷருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் ஒரு வார்த்தை வெட்டாமல் ஒலிபரப்பினார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டு ஆள் மாதிரி.

அந்த ஞாயிறு அவர் குரல் வரவில்லை. அவர் இறந்துபோனதால் அஞ்சலி நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். கடைசியில் அவர் மனைவி பேசினார். அழவில்லை. புராஸ்டேட் புற்றுநோய் என்று வியாதியின் பெயரை அப்படியே சொன்னார். சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சின்னச் சுரப்பியாம் அது. ராத்திரி பல தடவை எழும்புவாராம்; கேட்டால் வயசு என்பாராம். முதுகு வலி தாங்காமல் போய்ப் பார்த்தபோது எலும்புவரை பரவிவிட்டதாம். ஐம்பது தாண்டிய ஆண்கள் டாக்டரிடம் கேட்டு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி முடித்தார்.

"ஏளா, அத அமத்து" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் அணைக்கவில்லை. அவரும் கொஞ்ச நாளாக அப்படித்தான் எழும்பிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "எழுவது வயசு தாண்டினா எவன் எழும்பாமக் கெடக்கான்? இதெல்லாம் பொம்பள பேசுத பேச்சா?" என்று எழுந்து போய்விட்டார்.

யாரிடமும் கெஞ்சிப் பழகியவள் இல்லை நான். என் தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன்.

சங்கு குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை மேலே வள்ளத்தில் இருந்து மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தன் அக்காள் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்றால் கண் அயரமாட்டான் அல்லவா? இவருக்குக் கயிறு பிடித்தவன் என் தம்பி. என் பேச்சைத் தட்டுவார். கயிறு பிடித்தவன் பேச்சைத் தட்டமாட்டார்.

தம்பி வந்தான். இவருக்குப் பத்து வயது இளையவன், ஆள் கல்லு மாதிரி இருப்பான்.

"மச்சான், சட்டையப் போடும். ரத்தம் குடுத்துட்டு வருவோம்."

"எனக்கு என்னலே கேடு?"

"திருக்கையோடயே சண்ட போட்ட ஆளு, ஊசிக்குப் பயப்படுதீரே!"

"பயம் இல்லலே. வெக்கம்."

"அப்ப நானும் குடுக்கேன். வெக்கத்த ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிடுவோம்."

இவர் சிரித்துவிட்டார். சட்டையையும் போட்டார்.

முடிவு வந்த அன்று நானும் கூடப் போனேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு, இவருக்கு வயதில் வருகிற வீக்கம்தான், மாத்திரை போதும் என்றார். நான் சேலை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தேன். தம்பியை மட்டும் உட்காரச் சொன்னார். அவனுக்குத்தான் அந்தச் சுரப்பியில் ஊறுகிற பொருளின் அளவு ரத்தத்தில் கூடியிருந்தது. கூடியிருப்பதாலேயே புற்றுநோய் என்று ஆகிவிடாது, பார்த்துவிடுவோம் என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். அதுவேதான்.

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லியே டாக்டர்" என்றான் தம்பி.

தொந்தரவு இல்லாதபோதே வந்ததுதான் நல்லது, நோய் சுரப்பியைத் தாண்டவில்லை என்று அவர் விளக்கினார்.

திருநெல்வேலியில் கரண்ட் வைத்தார்கள்; கதிர் சிகிச்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர்தான் கூட்டிக்கொண்டு போனார். தம்பி பெண்சாதி ஒரு நாள், "மைனி, நீங்க அன்னைக்கு ஆள் அனுப்பலன்னா?" என்று கேட்டாள். நான் மீன் அரிந்துகொண்டிருந்தேன். நான் அனுப்பியது இவருக்காக அல்லவா?

தம்பி இப்போது நன்றாக இருக்கிறான். டாக்டர் சொன்ன நேரத்துக்குப் போய் ரத்தம் பார்த்துவிட்டு வருகிறான். நான் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் பெண்களிடம் இந்த வியாதியைப் பெயர் சொல்லியே பேசுகிறேன். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு, "என்ன பெரியம்மா, ஆம்பள சமாச்சாரத்த இப்படிச் சத்தமாப் பேசுதீய!" என்றாள்.

"சத்தமாச் சொன்னாத்தான ஒன் மாப்பிள காதுல விழும்" என்றேன்.

புருஷனைப் பறிகொடுத்த துக்கத்திலும், முகம் தெரியாத எங்களுக்காக அந்த அறிவிப்பாளரின் மனைவி வானொலியில் கூசாமல் சொன்ன வார்த்தை அது. அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வெட்கம் வருமானால், உயிரோடு நடமாடுகிற என் தம்பியின் முகத்தை நான் எப்படி ஏறிட்டுப் பார்ப்பேன்?