உப்புத்தண்ணிக்கு ஒரு ஜெபம்

முக்கூடல்ல ஒரு அக்கா வீட்டு மாட்டுக்கு ஊசி போடணும்னா, முதல்ல நான் கண்ணை மூடணும். அக்கா மாட்டு நெத்தியில கைய வச்சு, "கர்த்தாவே, டாக்டரம்மா போடுகிற இந்த மருந்தை ஆசீர்வதியும், இந்தத் தடவையாவது சினை நிற்கட்டும்"னு ஜெபம் பண்ணி முடிக்கிற வரைக்கும் சிரிஞ்சும் கையுமா நிப்பேன். ஆமென் சொல்லாம விடமாட்டாக. ஆனா சிரிஞ்சுக்குள்ள இருந்தது மருந்து இல்ல, வெறும் உப்புத்தண்ணி.

சினை ஊசி போட்டும் போட்டும் நிக்காத கறவை மாடுகளுக்கு ஒரு ஹார்மோன் மருந்து பலிக்குதான்னு பாக்குறதுதான் என் ஆராய்ச்சி. பாதி மாட்டுக்கு மருந்து, பாதி மாட்டுக்கு உப்புத்தண்ணி. அப்பத்தான் மருந்தால நின்னுச்சா, தானா நின்னுச்சான்னு தெரியும். எதுக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டோம். அக்கா மாட்டுக்கு விழுந்தது உப்புத்தண்ணி.

முன்னாடியே சொல்லலையான்னு கேப்பீங்க. சொன்னேன். "கட்டுப்பாட்டுக் குழு", "ஒப்பீடு"ன்னு புத்தகத் தமிழ்ல சொன்னேன். "நீங்க பாத்துச் செய்ங்கம்மா"ன்னு தலையாட்டிட்டாக. புரியாமத்தான் ஆட்டுதாகன்னு எனக்குத் தெரியும். புரியவச்சா வேற மாடு தேடணுமேன்னு பேசாம வந்துட்டேன்.

அவுக வீட்டுக்கார அண்ணாச்சிக்கு ஒரே பேச்சுதான். பால் வத்துறதுக்குள்ள சினை நிக்கலைன்னா மேலப்பாளையம் மாட்டுச் சந்தை. மலட்டு மாட்டை யாரு வளக்க வாங்குவா? கறிக்குத்தான். அதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா மாட்டுக் காதைத் தடவிக்கிட்டே இருப்பாக. என் ஐஸ் பெட்டியில நெசமான மருந்து பக்கத்துலயே கிடக்கும். மாத்தி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒண்ணுக்கு இரக்கப்பட்டா மொத்த ஆராய்ச்சியும் குப்பைன்னு என்னை நானே அடக்கிக்கிட்டேன். ஆராய்ச்சிக்காக மட்டுமா அடக்குனேன்? என் பட்டத்துக்காகவும்தான்.

கடைசித் தடவை கையுறை மாட்டி, கைவிட்டுப் பாத்தேன். கருப்பை காலி. "நிக்கலக்கா"ன்னேன்.

அக்கா செம்பை எடுத்துட்டு வந்தாக. அப்புறம் நான் கை கழுவத் தண்ணி ஊத்திக்கிட்டே, "மன்னிச்சிருங்க டாக்டரம்மா"ன்னாக. "ஒங்க மருந்து நல்ல மருந்து. ஊருல மத்த மாடு எத்தனையோ நிக்குது. ஏம் மாடுதான் ஒங்க பேரைக் கெடுத்துட்டு. நாளைக்கு அவுக சந்தைக்குப் பத்திட்டுப் போயிருவாக."

ஐயோ, எனக்கு உசுரே போயிட்டு. உப்புத்தண்ணி போட்ட அந்த மாடு நிக்காமப் போனதும் சேந்துதான் என் மருந்தை ஜெயிக்க வச்சிருக்கு! அந்த மாட்டைப் பொறுத்தவரை ஆராய்ச்சி அன்னைக்கே முடிஞ்சுபோச்சு. "அக்கா, நான் போட்டது மருந்தே இல்ல. சந்தைக்கு விடாதீங்க, இனிமே நெசமான மருந்தைப் போட்டுப் பாப்போம்"னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துட்டு. சொன்னா ஊருக்குள்ள பரவும், மத்த வீட்டுலயும் மாட்டைத் தொட விடமாட்டாகன்னு பயம். "பரவாயில்லக்கா"ன்னேன். யாருக்குப் பரவாயில்ல?

"வாங்க, ஒரு ஜெபம் பண்ணிருவோம்"னாக. மாட்டுக்குத்தான்னு நினைச்சுக் கண்ணை மூடுனேன். ஈரக்கை ஒண்ணு என் தலையில வந்து உக்காந்துச்சு.

"கர்த்தாவே, இந்தப் பிள்ளையோட ஆராய்ச்சியைக் கைவிடாதேயும்."

நானும் ஆமென்னு சொன்னேன்.