வலை கட்டாத மூணு மாசம்

அந்த ஆட்டத்தை எனக்கு யாரும் கத்துக்குடுக்கல. பொன்னேரிக்கு ஒரு வேலையா போயிட்டு, ரயிலு லேட்டுன்னு பிளாட்பாரத்துல உக்காந்திருந்தப்ப நானே போன்ல இறக்கினது. ஒரு உருண்டை பூமி வரும். விரலால சுத்தலாம். காடு, மழை, கடல், ஊரு எல்லாம் நம்ம கையில. மேல ரெண்டு பட்டை ஓடும், ஒண்ணு இயற்கைக்கு, இன்னொண்ணு மனுசங்களுக்கு. எது காலியானாலும் பூமி செத்துடும். முதல்ல அஞ்சாறு பூமியை நான் சாகடிச்சேன். ஒண்ணுல ஆலையா கட்டித் தள்ளினேன், கடலு பழுப்பாச்சு. இன்னொண்ணுல ஒரே மரமா நட்டேன், ஜனம் பட்டினியில போச்சு.

அப்புறம்தான் சூட்சுமம் பிடிபட்டுது. ஒரு இடத்தைத் தொட்டு ‘ஓய்வு’ குடுத்துட்டா, அங்க யாரும் போக மாட்டாங்க. கொஞ்ச நேரத்துல பச்சை ஏறிடும். திறந்து விட்டா முன்னைவிட அதிகமா கிடைக்கும். இப்படியே ஒவ்வொரு இடமா மாத்தி மாத்தி ஓய்வு குடுத்து, ஒரு பூமியை வாரக்கணக்குல சாகாம வெச்சிருந்தேன். அன்னிக்கு எனக்கு வந்த திமிரு இருக்கே, டிகிரி வாங்கினப்ப கூட அவ்வளவு வரல.

நான் ஏரிக்கரை ஊர்க்காரன்தான், ஆனா வலை பிடிச்ச நாள் கம்மி. பழவேற்காட்டுல சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்கேன். ரேஷன் கார்டு, நிவாரண மனு, பரீட்சை ஃபாரம்னு எங்க ஊரு ஜனம் மொத்தமும் என்கிட்டதான் வந்து நிக்கும். இந்த நிலைக்கு என்னைக் கொண்டாந்தது எங்க மாமா, அக்கா புருசன். நைனா சாகும்போது நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். மத்த வீட்டுல இருந்தா என்னையும் படகுல ஏத்தியிருப்பாங்க. மாமா ஏத்தல. “நீ எழுது, நான் வலை இழுக்கறேன்”னு சொல்லிட்டு, காலேஜ் முடியற வரைக்கும் இழுத்தாரு. நான் அவரை நன்றியோட நினைச்ச நாளும் உண்டு, மறந்த நாள்தான் அதிகம்.

எங்க ஏரியில யாரு எங்க வேணா வலை கட்டிட முடியாது. எந்த வலைக் கூட்டம் எந்த இடத்துல எத்தனை நாளைக்குக் கட்டலாம்னு முறை இருக்குது, அதுக்குப் பாடுன்னு பேரு. ஊர்ல எல்லாரும் உக்காந்து சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பாங்க. நல்ல இடம் விழுந்தவன் சிரிப்பான், விழாதவன் அடுத்த முறைக்குக் காத்திருப்பான். ஆனா எந்த இடத்தையும் யாரும் சும்மா விட்டதே இல்ல.

அந்த வருசம் இறாலு நகக்கண்ணு அளவுக்குத்தான் வந்துது. முகத்துவாரம் மண்ணு மூடிப் பாதி அடைஞ்சு கிடந்துது. சீட்டுக் குலுக்கி முடிச்ச அன்னிக்கு ஆளாளுக்குப் புலம்பினாங்க. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தேனா? எழுந்தேன். “ஒரு இடத்தை மூணு மாசம் வலை கட்டாம விட்டுப் பாருங்க. குஞ்சு வளரட்டும். அப்புறம் பாருங்க”ன்னு ஆரம்பிச்சவன் நிறுத்தவே இல்ல. போனை எடுத்து என் பூமியைக் கூட காட்டினேன். பெருசுங்க கண்ணை இடுக்கிக்கிட்டு எட்டிப் பாத்தாங்க. இவ்வளவு படிச்சவன், நம்ம மனுவெல்லாம் எழுதறவன், தெரியாமலா சொல்லுவான்னு அவங்க நினைப்பு. சரி, விட்டுப் பாப்போம்னு முடிவாச்சு. முகத்துவாரத்துக்குப் போற கால்வாய் ஓரம் இருந்த இடம்தான் தோதுன்னு நான்தான் கை காட்டினேன். அந்த இடம் அந்த முறை விழுந்திருந்தது மாமாவோட கூட்டத்துக்கு.

சத்தியமா சொல்றேன், அது எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துது. ஆட்டத்துல எந்த இடம் யாருதுன்னு யாரும் பாக்கறதில்ல. நானும் பாக்கல.

மாமா எழுந்து நின்னாரு. ஊர்க் கூட்டத்துல பேசற ஆளே இல்ல அவரு. “அதுவரைக்கும் நாங்க இன்னாடா பண்றது?”ன்னு கேட்டாரு.

“மூணு மாசம்தானே மாமா? பொறுக்க முடியாதா? எல்லாம் நாளைக்கே வாயில வந்து விழணும்னா எப்படி?”ன்னு பட்டுன்னு சொல்லிட்டேன்.

நாலு பேரு சிரிச்சாங்க. மாமாவும் கூடச் சேந்து சிரிச்ச மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. மத்த கூட்டத்துக்காரங்க தங்களுக்கு வர்ற மீனுல கொஞ்சம் பங்கு தருவாங்கன்னு பேசி முடிச்சாங்க. முதல் பத்துப் பதினஞ்சு நாளைக்குக் குடுத்தாங்க. அப்புறம் அவங்களுக்கே இல்லன்னாங்க. மாமா கூட்டத்துல இருந்தவங்க கட்டட வேலை, செங்கல் சூளைன்னு ஆளுக்கு ஒரு பக்கம் போனாங்க. மாமா யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்கல. என் வீட்டுக்கும் வரல. லைட்ஹவுஸ் குப்பத்துல, கடலுக்குப் போற ஒரு ஃபைபர் படகுல கூலிக்குச் சேந்துட்டாரு.

ஏரிக்காரனுக்குக் கடலு வேற. எங்க ஏரியில முக்கால்வாசி இடுப்பளவு தண்ணிதான். விழுந்தா எழுந்து நின்னுக்கலாம். வாழ்நாள் பூரா அப்படி எழுந்து நின்ன ஆளு மாமா.

ஒரு நாள் காலையில சென்டருக்கு வந்தாரு. உள்ளங்கை ரெண்டும் வீங்கி, மஞ்சள் பத்து போட்டிருந்துது. கஸ்டமர் யாரும் இல்ல, நான் ஆட்டத்துல இருந்தேன். ஒரு கண்டம் முழுக்க வறட்சி, மழையை எந்தப் பக்கம் தள்ளறதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

“கடலு ஒத்துக்கலடா”ன்னாரு. “நீ ஊர்ல ஒரு வார்த்தை சொல்லு. பாதி நாளைக்காவது அங்க கட்டிக்கிறோம். நீ சொன்னா கேப்பாங்க.”

“இப்ப திறந்து விட்டா இத்தனை நாள் விட்டதெல்லாம் வீணாப் போயிடும் மாமா. இன்னும் ஒண்ணரை மாசம். அவ்வளவுதான்.”

“ஒண்ணரை மாசமா?”

“கண்ணை மூடித் திறந்தா போயிடும்.”

இதை நான் போனைப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன். தலையைத் தூக்கியிருந்தா அந்தக் கையை இன்னும் கொஞ்சம் நேரம் பாத்திருப்பேன், மனசு இளகியிருக்கும். இளகிடக் கூடாதுன்னுதான் தூக்கலையோன்னு இப்ப சந்தேகமா இருக்குது. டீ சாப்பிட்டுப் போன்னு கூட சொல்லல, பாவி. “சரி, நீ வேலையப் பாரு”ன்னுட்டு அவரு செருப்பை மாட்டிக்கிட்டுப் போனாரு.

அதுக்கப்புறம் ஒன்பதாவது நாளு. கரைக்குத் திரும்பும்போது, அலை உடையற இடத்துல படகு கவுந்துடுச்சு. கூட இருந்த மூணு பேரும் கடல்காரங்க, நீந்திக் கரையேறிட்டாங்க. மாமா ஏறல. மூணாம் நாளு உடம்பு வடக்க ஒதுங்கியிருக்குன்னு சேதி வந்துது. அடையாளம் காட்ட நான்தான் போனேன். காலேஜ் முடிச்ச வருசம் நான் எடுத்துக் குடுத்த சட்டையாலதான் அடையாளம் தெரிஞ்சுது. அதுக்கு மேல அந்த நாளைப் பத்தி எழுத எனக்குத் தெம்பு இல்ல.

காரியம் முடிஞ்ச மறுநாள் அக்கா கேட்டா, “கூட்டத்துல இன்னாவோ காட்டினியாமே, அதைக் காட்டு.” போனை எடுத்துக் குடுத்தேன். பூமியைத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

“இதுல ஜனங்க எங்கடா?”

“மேல ஒரு எண்ணு இருக்குது பாரு, அதுதான்க்கா.”

“ஒருத்தன் செத்தா தெரியுமா?”

“தெரியாதுக்கா. நெறைய பேரு போனாத்தான் எண்ணு மாறும்.”

“ஓகோ”ன்னு போனைத் திருப்பிக் குடுத்துட்டு, அடுப்பைப் பாக்கப் போயிட்டா. என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம். ‘நீதான்டா கொன்னே’ன்னு ஊரு கேக்க கத்தியிருக்கலாம். அப்படிக் கத்துவான்னு நானும் பத்து நாளா காத்திருந்தேன். கத்தியிருந்தா நான் கால்ல விழுந்திருப்பேன்.

அன்னியோட அந்த ஆட்டத்தை அழிச்சுட்டேன்னு எழுதினா எனக்குக் கௌரவமா இருக்கும். பொய்யி. ரெண்டு வாரம் கழிச்சு, கும்மிடிப்பூண்டி ரயில்ல உக்காந்து மறுபடியும் ஆடினேன். அதுல ஒண்ணும் கெட்டுப் போகல, எல்லாப் பக்கமும் பச்சையா இருந்துது. பாக்க ஆறுதலா இருந்துது, அதுதான் கேவலம்.

மூணு மாசம் முடிஞ்சு அந்த இடத்தைத் திறந்தாங்க. திறந்த அன்னிக்கு விழுந்த இறாலு மாதிரி கொஞ்ச வருசமா யாரும் பாக்கலையாம். ஒவ்வொண்ணும் விரல் தடிமன். “தம்பி சொன்னது அப்படியே பலிச்சிடுச்சு”ன்னு ஊரே பேசிச்சு. பெருசு ஒருத்தரு சென்டருக்கே வந்து, அடுத்த முறை எந்த இடத்தை விடலாம்னு யோசனை கேட்டாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை வெளிய போன்னு சொல்லிட்டேன். அந்த மனுசனுக்கு ஒண்ணும் புரியல, கோவிச்சுக்கிட்டுப் போனாரு.

மாமா கூட்டத்துல மிச்சம் இருந்தவங்களுக்குப் பங்கு கிடைச்சுது. ஆம்பளை இல்லாத வீட்டுக்கு எங்க ஊருல பாடு கிடையாது, அதனால அக்காவுக்கு இல்ல. குடுத்தாகணும்னு நான் போய்ச் சண்டை போட்டேன். “வழக்கத்தை மாத்தச் சொல்றியா? ஏற்கெனவே ஒண்ணை மாத்தினியே”ன்னு ஒருத்தன் கேட்டான். எழுந்து வந்துட்டேன்.

அக்கா கையால இறாலு பிடிக்கிற பொம்பளைங்களோட சேந்துட்டா. இடுப்பளவு சேத்துத் தண்ணியில கழுத்து முங்கக் குனிஞ்சு, பனையோலையில முடைஞ்ச பறிக்கூடையைப் பல்லால கடிச்சுக்கிட்டு, அடி மண்ணைத் தடவித் தடவிப் பிடிக்கணும். அவ அதுவரைக்கும் ஏரியில இறங்கினதே இல்ல. நான் காசு குடுத்தா வாங்க மாட்டா. “எனக்குக் கை காலு இருக்குது”ம்பா.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வான்னு ஆள் விட்டா. போனேன். நனைஞ்ச புடவை கொடியில தொங்குது, அக்கா அடுப்புக்கிட்ட இருக்கா. விரல் நுனியெல்லாம் கிழிஞ்சு வெளுத்துப் போயிருந்துது. தட்டை வெச்சு, சோத்தைப் போட்டு, இறால் குழம்பை ஊத்தினா.

“கால்வாய் ஓரம் பிடிச்சது. நல்லா வளந்திருக்குது பாரு”ன்னா. “நீ சொன்னது சரிதான்டா. அவருதான் பொறுக்காம போயிட்டாரு.”

குத்திக் காட்டல. அவ முகத்தைப் பாத்தேன், நெசமாவே அப்படி நம்பித்தான் சொன்னா.

இல்லக்கா, அவரு வந்து கேட்டாரு, நான்தான் முடியாதுன்னேன்னு சொல்ல வாயைத் திறந்தேன். மாமா என்கிட்ட வந்தது அவளுக்குத் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

“இன்னொரு கரண்டி ஊத்தட்டுமா?”ன்னு கேட்டா.

ஊத்துன்னேன்.