வெள்ளைச் சிரட்டை

சின்னானை 'ஜாடை காட்டி ஏமாத்துன பய' என்று யாராவது சொன்னால், சேக் இஸ்மாயிலுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வருஷம் எத்தனையோ ஓடியும் அந்த ஆத்திரம் அடங்கவில்லை.

யுத்த காலம். விளக்குத்தூண் பக்கம் இஸ்மாயில் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் கடை வைத்திருந்தார். கடை முன்னால் சின்னான் ஆட்டை வைத்து வித்தை காட்டுவான். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். சொந்தபந்தம் என்று ஒருவரும் இல்லை. இரண்டு சிரட்டை. ஒன்றுக்குச் சுண்ணாம்பு பூசியிருக்கும், ஒன்றுக்குக் கரி. எப்படி மாற்றிக் கவிழ்த்தாலும் ஆடு வெள்ளையைத்தான் முட்டும். முட்டியதும் மடியிலிருந்து கடலை கொடுப்பான். முட்டுவதற்கு முன்னால் அது அவன் முகத்தை ஒருதரம் ஏறிட்டுப் பார்க்கும். அந்த ஊரில் அவனை அப்படி நின்று பார்க்க வேறு ஜீவன் கிடையாது.

ஜவுளிக்கடை விஸ்வேஸ்வரன் ஒருநாள் கூட்டத்தில் நின்று கத்தினார்.

"ஏப்பா, அது செரட்டையவா பாக்குது? ஒன் மூஞ்சியல்ல பாக்குது! திரும்பி நில்லு பாப்போம்."

திரும்பி நின்றான். ஆடு கரிச் சிரட்டையை முட்டியது.

"ஆட்டவிட ஆட்டுக்காரன் கில்லாடிடோய்!"

கூட்டம் சிரித்துக் கலைந்தது.

"அழகர் சத்தியமாச் சொல்றேன் பாய், நான் ஒரு ஜாடையும் காட்டல."

பொய் இல்லை. வெள்ளைச் சிரட்டை இருக்கும் பக்கம் அவன் தோள் லேசாகச் சாயும். அது அவனுக்கே தெரியாது. இஸ்மாயில்தான் கவனித்துச் சொன்னார்.

கடைக்குப் பின்னால் சாக்குத் திரை கட்டி, அதன் மறைவில் சின்னானை நிறுத்திப் பழக்கினார்கள். இஸ்மாயிலும் சிரட்டையை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். முதலில் ஆடு எப்போதும் இடது பக்கத்தையே முட்டியது. பிறகு, கடைசியாகக் கடலை கிடைத்த பக்கமே போனது.

"வெவரமான சோம்பேறி மாப்ள ஒன் ஆடு!"

ஒருநாள் அது நடுவில் நின்றது. கழுத்தை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம் என்று ஆட்டி ஆட்டிப் பார்த்தது. மெதுவாகப் போய் வெள்ளையை முட்டியது. போகப்போக அந்த ஆட்டமும் நின்றது. அவிழ்த்துவிட்டால் நேரே வெள்ளைதான்.

"செயிச்சுட்டோம் மாப்ள! அந்த ஜவுளிக்கடைக்காரன் முன்னால விட்டுக் காட்டுவோம், வா!"

சின்னான் திரையை விலக்கிக்கொண்டு வந்து ஆட்டின் முன்னால் குந்தினான். அது வெள்ளையை முட்டிவிட்டு அவன் மடியில் வாயை விட்டது.

"ஏத்தா, இங்க பாரு."

கடலையை மென்றுகொண்டிருந்தது. நிமிரவில்லை.

அதற்கப்புறம் இஸ்மாயில் எவ்வளவு கூப்பிட்டும் அவன் வித்தைக்கு வரவில்லை. "யாரு என்ன சொன்னா என்ன பாய்" என்பான். அந்தப் பங்குனியில் பேதி கண்டு போய்ச் சேர்ந்தான். படுக்கையில் விழுவதற்கு முந்தின நாள் கடைக்கு வந்து ஒன்று கேட்டான்.

"பாய், வெள்ளச் செரட்டைக்கும் கரி பூசிக் குடுங்க. ரெண்டும் ஒண்ணுபோல இருந்தாத்தேன் அவ என்னைய நிமிந்து பாப்பா."