வளைந்தது எந்தக் கொம்பு

மிங்காமன் படகுத்துறையில் அகோத் தேநீர் விற்கிறாள். கலகக்காரர்கள் ஊருக்குள் புகுந்த அன்று, நைலின் அக்கரையிலிருந்து ஒரு கெட்டிலும் இரண்டு பிள்ளைகளுமாகப் படகேறியவள். அவள் தம்பி தியோங் அடுத்த படகில் வருவதாகச் சொன்னான். எட்டு வருடமாயிற்று.

அந்த எட்டாவது வருடம் அயல்நாட்டு ஓட்டல் ஒன்றில் சமாதானப் பேச்சுவார்த்தை ஐந்தாவது தடவையாக நடந்தது. அதில் உருப்படியாக நடந்த ஒரே காரியம், கலகக்காரர்கள் தாங்கள் பிடித்து வைத்திருப்பவர்களின் பட்டியலைக் கொடுத்ததுதான். அது மாவட்ட அலுவலகத்துக்கும் வந்தது. அலுவலகத்துக்குப் பாதிக் கூரைதான். ஆணையர் தலைநகரிலேயே தங்கிவிட்டார். சம்பளம் வராத குமாஸ்தா குயிர் மட்டும் பழக்கதோஷத்தில் தினமும் வந்து உட்காருவான்.

அவனை மூன்று தடவை படிக்கச் சொன்னாள் அகோத்.

"தியோங் அஜாக்னு யாரும் இல்லக்கா."

"கண்ண நல்லாத் தொறந்து பாருடா."

"சம்பளம் வரட்டும், கண்ணாடி வாங்கிப் போட்டுப் பாக்கறேன். கடைசியில மாக்குவேய்னு ஒருத்தன் இருக்கான். அப்பன் பேரும் இல்ல, ஊர் பேரும் இல்ல. எந்த மடையன் இப்படிப் பேர் குடுத்தானோ."

அகோத் முக்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

தியோங்கின் நெற்றியில் கோடு கீறி ஆண்பிள்ளையாக்கிய அன்று அப்பா அவனுக்கு ஓர் எருது கொடுத்தார். கறுத்த உடம்பு, மீன்கழுகு போல வெள்ளைத் தலை. அந்த நிறத்து எருதுக்கு மாக்குவேய் என்றுதான் பெயர். அதற்கப்புறம் மாட்டுக்கிடையில் யாரும் அவனைத் தியோங் என்று கூப்பிட்டதில்லை. எருதின் பெயர்தான் அவன் பெயர். துப்பாக்கி வைத்திருப்பவன் கேட்டாலும் அவன் வாயில் அதுதான் வந்திருக்கும்.

கோடையில் கிடை ஆற்றோரச் சதுப்புக்கு இறங்கும். விடிந்தும் விடியாமலும் சாணப்புகை தரையோடு தரையாகப் படுத்திருக்கும். உடம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு, இரண்டு கைகளையும் கொம்பு மாதிரி உயர்த்திக்கொண்டு, மணி குலுங்கும் எருதுக்கு முன்னால் பாடியபடியே நடப்பான் தியோங். பால் கறக்கும் பெண்கள் கறப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அகோத் வேண்டுமென்றே பாட்டை மாற்றிப் பாடுவாள். பால் சுரைக்குடுக்கையோடு ஓடுகிறவளை அவன் கிடையைச் சுற்றிச் சுற்றித் துரத்துவான். அவ்வளவு சிரித்தது அப்போதுதான்.

"நூறு மாக்குவேய் இருக்கானுங்கக்கா. என் மாமனே ஒரு மாக்குவேய்தான்" என்றான் குயிர்.

"என் தம்பியான்னு அவனையே கேட்டுட்டா போச்சு."

பட்டியலோடு கொஞ்சம் தாள்களும் வந்திருந்தன. பிடிபட்டவர்களுக்கு உறவுக்காரர்கள் நாலு வரி எழுதி அனுப்பலாம்.

"மாட்டுப் பாட்ட எழுது."

"குடும்பச் செய்தி மட்டும்னு அச்சடிச்சிருக்கு."

"மாடு குடும்பம் இல்லாம, உன் மாமியாரா குடும்பம்?"

குயிர் எழுதினான்: 'என் கழுகுத்தலையன் இடக்கொம்பை முன்னால் நீட்டினால் சதுப்பும் வழிவிடும்.'

நான்கு மாதம் போனது. யார் படை முதலில் பின்வாங்குவது என்று இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டு ஓட்டலைக் காலி செய்தன. வானொலி 'ஒத்திவைப்பு' என்றது. துறையில் இருந்தவர்கள் பாட்டு வைக்கச் சொன்னார்கள். அகோத் தேநீரில் சர்க்கரை போட மறந்து இரண்டு பேரிடம் திட்டு வாங்கினாள்.

மறுவாரம் குயிர் பதில் தாளோடு ஓடி வந்தான். நின்ற இடத்திலேயே மூச்சிரைக்கப் படித்தான்.

'வலக்கொம்பு. வலக்கொம்பு. அப்பா கொம்பைச் சீவி முன்னால் வளைய வைத்தபோது நீதானே கயிற்றைப் பிடித்திருந்தாய். இன்னும் இடக்கொம்பென்று பாடி ஊர் சிரிக்க வைக்காதே. ஒரு கால் சரியில்லை. சாப்பாடு உண்டு.'

அகோத் கெட்டிலை இறக்கி வைத்தாள். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின, அழுகையா சிரிப்பா என்று குயிருக்குத் தெரியவில்லை.

"ஆளு கெடச்சிட்டாருக்கா. ஆனா விடுதலைன்னு எதுவும் இல்ல. பேச்சு படுத்திருச்சு. இனிமே தாள் போகுமான்னுகூடத் தெரியாது."

"இருக்கற தாள எடு."

"என்ன எழுத?"

கயிறு உள்ளங்கையை அறுத்தது அவளுக்கு இப்போது நன்றாகவே நினைவு வந்துவிட்டது. வளைந்தது வலக்கொம்புதான்.

"இடக்கொம்புதான்னு எழுது. இல்லன்னா நேர்ல வந்து சொல்லட்டும்."